சருகுத்தீயும் காட்டுத்தீயும்: ஒரு சின்னக் கணக்கு

“காட்டில் தீ வைக்கவே கூடாது.” நாம எல்லோரும் கேட்டு வளர்ந்த விதி இது. பிலிகிரி ரங்கன மலையில் வாழும் சோளகர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்: காலாகாலத்தில் சின்னத் தீ வைக்காமல் விட்டால்தான் பெரிய தீ வரும்.

இந்த மலை கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், நம்ம சத்தியமங்கலம் காட்டை ஒட்டி இருக்கிறது. ‘சோளகர் தொட்டி’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்த மக்களைத் தெரிந்திருக்கும். இவர்கள் வைத்த தீக்குப் பெயர் ‘தரகு பெங்கி’. தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் தீ. கோடையின் தொடக்கத்தில், மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும்போதே வைப்பார்கள். தரையில் கிடக்கும் சருகும் காய்ந்த புல்லும் மட்டும் எரியும். பெரிய மரங்களுக்கு ஒன்றும் ஆகாது. பாதை தெளிவாகும், புதுப்புல் முளைக்கும். நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகாமல் இருந்ததற்கும் இந்தத் தீதான் காரணம் என்பது அவர்கள் கணிப்பு.

ஒரே காடு, ஒரே தீக்குச்சி. ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? இன்ஜினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1959ல் ஜார்ஜ் பைரம் என்பவர் கொடுத்த சூத்திரம் ரொம்ப எளிமையானது. தீயின் வீரியம் = எரிபொருளின் வெப்பம் × ஒரு சதுர மீட்டரில் எரியும் எடை × தீ நகரும் வேகம்.

காய்ந்த சருகு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 18,000 கிலோஜூல் வெப்பம் தரும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எரிகிறது, தீ நிமிடத்துக்கு ஒரு மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலத்துக்கு 90 கிலோவாட் வரும். சுடர் இரண்டடி. பச்சைத்தழை ஒடித்து அடித்தே அணைத்துவிடலாம்.

இப்போ சில வருஷம் தீயே வைக்காமல் விட்ட காடு. எரியும் எடை 1.2 கிலோ, கோடைக்காற்றில் வேகம் நிமிடத்துக்கு ஆறு மீட்டர். எடை 4 மடங்கு, வேகம் 6 மடங்கு, ஆக வீரியம் 24 மடங்கு: 2,160 கிலோவாட். சுடர் எட்டடியைத் தாண்டும். சுமார் 350 கிலோவாட்டைத் தாண்டினாலே கைக்கருவிகளோடு தீயின் முன்னால் நிற்க முடியாது என்பது பொது விதி. (எடையும் வேகமும் நான் உதாரணத்துக்கு எடுத்தவை, காட்டில் அளந்தவை இல்லை.)

1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974ல் அந்த மலை சரணாலயம் ஆனது. சருகுத்தீ நின்றுபோனது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதே காலத்தில் உண்ணிச்செடி காடு முழுக்கப் பரவியது. அங்கே நடந்த ஓர் ஆய்வில், 1997ல் இருபது தண்டுகளில் ஒன்றாக இருந்த உண்ணிச்செடி, 2008ல் மூன்றில் ஒன்றாகிவிட்டது. தீ நின்றது மட்டுமே இதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சோளகர்கள் அதையும் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

அப்போ நாளைக்கே பழையபடி கொளுத்திவிடலாமா? கூடாது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து காய்ந்த உண்ணிச்செடி, தரைத்தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும் ஏணி. எரிந்த பிறகும் அது வேரிலிருந்து துளிர்க்கும். முதலில் அதை வேரோடு எடுக்க வேண்டும், அப்புறம்தான் சருகுத்தீயைப் பற்றியே யோசிக்கலாம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பாதுகாப்பாக இருந்த பழக்கம், காடு மாறியதால் இன்றைக்கு அப்படியே பாதுகாப்பாக இருக்காது. இரண்டு தரப்பும் அடிக்கடி தவறவிடும் இடம் இதுதான்.

கட்டுப்படுத்தி எரிப்பதற்கென்று சில விதிகள் உண்டு. கோடை முற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். காற்று அடங்கிய நேரமாகப் பார்க்க வேண்டும். முதலில் சருகை அகற்றி, சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். சரிவில் மேலிருந்து கீழ்நோக்கி எரிக்க வேண்டும். கடைசிப் புகை அடங்கும் வரை ஆள் நிற்க வேண்டும். வனத்துறை சாலையோரங்களில் கோடை தொடங்கும்போது எரிப்பதும் இந்த வகைதான். நீங்களும் நானும் செய்யும் வேலை இல்லை இது. காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம்.

நமக்குத் தேவையானது வேறு. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும், மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 20 டிகிரி என்றால் நான்கு மடங்கு. மூச்சு வாங்க ஏறும் மனுஷனால் அதை முந்த முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் தீயில் சிக்கி இறந்தார்கள். அங்கேயும் செங்குத்தான சரிவு, காய்ந்த புல்.

மலையில் கீழே புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள். பள்ளத்தாக்கின் ஒடுக்கத்தில் இறங்காதீர்கள், அது புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். பக்கவாட்டில் விலகி, பாறையோ வெறும் மண்ணோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடமோ இருந்தால் அங்கே போங்கள். எரிந்து முடிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றும் இருக்காது.