பிட்காயின் தொகுதியின் கொள்ளளவு

பிட்காயின் பரிமாற்றங்கள் பொதுப் பேரேட்டில் ஒவ்வொன்றாக ஏறுவதில்லை. ‘தொகுதி’ எனப்படும் கட்டுகளாகச் சேர்க்கப்பட்டு, சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டு என்ற கணக்கில் பதிவாகின்றன. 2009இல் இயங்கத் தொடங்கிய இந்த வலையமைப்பில், ஒரு தொகுதி 1 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியை, சாதோஷி நகமோட்டோ என்ற பெயரில் இதை வடிவமைத்தவர் 2010இல் சேர்த்தார். வரம்பு இல்லாவிட்டால் யாரும் குப்பைத் தரவைத் திணித்துத் தொகுதிகளைப் பருக்கச் செய்யலாம். அவற்றைச் சரிபார்த்துச் சேமிக்கும் ‘நோடு’ கணினிகளை வீட்டில் வைத்து நடத்துவது அப்போது இயலாததாகிவிடும்.

இடம் அளவோடு இருப்பதால், காத்திருப்போர் பெருகும்போது அது ஏலப்பொருளாகிறது. தொகுதியைக் கட்டும் மைனர்கள், ஒரு பைட்டுக்கு யார் அதிகக் கட்டணம் தருகிறார் என்று பார்த்தே பரிமாற்றங்களைப் பொறுக்குவதால், அனுப்பப்படும் தொகை எவ்வளவு என்பது கட்டணக் கணக்கில் வருவதே இல்லை. முன்பு ஒரே தவணையில் பெற்ற பெருந்தொகையைக் கைமாற்றும் பரிமாற்றம் சிறியது. பத்துத் தவணைகளாகப் பெற்ற சில்லறையைத் திரட்டி அனுப்பும் பரிமாற்றமோ, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் சுமக்க வேண்டியிருப்பதால், ஏறத்தாழ ஐந்து மடங்கு இடத்தை அடைக்கிறது. கோடியை அனுப்புபவரைவிடச் சில்லறையை அனுப்புபவர் கூடுதலாகக் கட்ட நேரும் இந்த விசித்திரத்தைப் பிட்காயினின் ஆர்வலர்கள் அதிகம் பேசுவதில்லை.

2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ‘செக்விட்’ மாற்றம், அளவை பைட்டில் எண்ணாமல் ‘எடை’யில் எண்ணியது: கையொப்பப் பகுதியின் ஒரு பைட்டுக்கு 1 அலகு, ஏனைய தரவின் ஒரு பைட்டுக்கு 4 அலகு, தொகுதியின் மொத்த எடை 40 லட்சம் அலகு. ஒரு வரவும் இரு செலவும் கொண்ட எளிய செக்விட் பரிமாற்றம் சுமார் 560 அலகு எடையுள்ளதால், அத்தகையவற்றை மட்டுமே நிரப்பினால் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 7,000 அடங்கும். பத்து நிமிட இடைவெளியில் இது நொடிக்குப் பன்னிரண்டு என்ற அளவைத் தாண்டாது.

இது போதாது, வரம்பையே உயர்த்த வேண்டும் என்று வாதிட்ட பிரிவினர் அதே மாதத்தின் முதல் நாளில் பிரிந்து, 8 மெகாபைட் வரம்புடன் ‘பிட்காயின் கேஷ்’ என்ற தனிச் சங்கிலியைத் தொடங்கி, மறு ஆண்டு அதை 32 மெகாபைட்டாக்கினர். அங்கே கட்டணம் மிகக் குறைவு என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தொகுதிகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன.