கல்வெடிப்பும் கிணற்று நீரும்

மருதனார்மடத்துச் செம்மண்ணை அகழ்ந்தாற் சுண்ணக்கல் தோன்றும். அக்கல்லின் வெடிப்புகளே நம் கிணறுகளின் ஊற்றுக்கண்கள். மழைநீர் அவற்றினூடே இறங்கி, கடலினின்றும் புகுந்த உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நிலவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீர், ஆழ்நீர் உவர்நீர் என்பதை மாணவர் பலரும் அறிவர். காரணம் அறிந்தார் சிலரே.

கடல்மட்டத்தின்மேல் ஓரடி நிற்கும் நன்னீரின் அழுத்தம், உவர்நீரை ஏறக்குறைய 40 அடி கீழே நிறுத்தும். அவ்வோரடி குறைந்து நிலைப்பின் உவர் 40 அடி எழும். துலா மிதித்த காலத்தில் கிணறு ஊறுதற்கு ஓய்விருந்தது. இயந்திரமோ ஓயாது இழுக்கின்றது. கிணற்றடியில் அழுத்தந் தாழ, அகன்ற வெடிப்பினூடே உவர் விரைந்தேறும். ஒரே அழுத்தத்தில் வெடிப்பின் அகலம் இருமடங்காயின் ஓட்டம் எண்மடங்காகுமன்றோ! இறைப்பை நிறுத்தினும் ஏறிய உவர் எளிதில் இறங்காது. மாரிகள் பல வேண்டும். அதுகாறும் வெங்காயத் தோட்டம் காத்திராது.