அயலான் கடனில் நம் பங்கு

சென்னீர்குப்பத்துச் சாலையில் இன்று நடப்பவருக்கு வயல் வரப்பைவிட வீடுகளும் கிடங்குகளுமே மிகுதியாகத் தென்படும். ஆயினும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், செவ்வாப்பேட்டையை அடுத்த திரூரில்தான் சென்னை மாகாணத்தின் முதல் ஐக்கிய நாணய சங்கம் 1904-ஆம் ஆண்டில் பதிவாயிற்று. அக்காலச் சங்கங்களின் ஆதி விதியொன்றை அண்டை ஊராராகிய நம் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

வரம்பற்ற பொறுப்பு என்பது அதன் பெயர். ஜெர்மனியில் ரைபைசன் என்பார் கிராமச் சங்கங்களில் கையாண்ட முறை அது. சர் பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் சென்னை அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையில் ரைபைசன் வழியையே பரிந்துரைத்தார். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு அதைப் பொது விதியாக்கிற்று. சங்கம் நொடித்தால், ஒவ்வோர் அங்கத்தினரும் பங்குத் தொகையோடு நில்லாமல் தம் சொத்தைக் கொண்டும் கடனை ஈடுசெய்தல் வேண்டும்.

நான் வாங்காத கடனை நான் ஏன் கட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். உழவுமாடு வாங்கவென்று ஒருவர் கடன் கேட்பதாகக் கொள்வோம். அவர் மகளுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று என்பது அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும். நமக்கேன் பொல்லாப்பு என்று அவர் வாளாவிருக்கிறார். பணம் கைமாறுகிறது, மாடு வரவில்லை, கல்யாணம் நடந்தேறுகிறது. வாய்தா தவறும்போது குற்றம் ஒருவருடையது மட்டுமா? கூட்டத்தில் மௌனமாய் இருந்தவருக்கும் அதில் பங்குண்டு என்பதே அவ்விதியின் கருத்து. பேசுவதென்றால் மனிதரை அவமதிப்பதன்று. தவணையை அறுவடைக்குப் பின் வைக்க வழி கண்டிருக்கலாம். சங்கத்து நூலை வெளியில் விற்றுவிட்டுத் தறியை வெறுமனே விடும் நெசவாளர் விஷயமும் இதுவே.

ஆனால் அம்முறையில் கேடும் இருந்தது. சொத்துடையார் அஞ்சி விலகினர். ஒருவரையொருவர் அறிந்தவரே சேரலாம் என்றால், ஊர்க்கோடியில் வாழும் நிலமற்றவரை ‘அறிந்தவர்’ என்று சொல்ல யார் முன்வருவார்? 1951-52-இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதமே என்று கண்டது. வரம்புள்ள பொறுப்புடைய பெரிய சங்கங்களை அதன் அறிக்கை பரிந்துரைத்தது. பழைய விதி படிப்படியாக மறைந்தது.

2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. துன்பத்தில் இருந்தவருக்கு அது பேருதவி, மறுப்பதற்கில்லை. எனினும், வாய்தா தவறாமல் கட்டி முடித்தவருக்கு நாம் என்ன விடை சொல்வது? அதிகாரிகளிடம் விட்டுவிடத் தக்க கேள்வியன்று இது. மகாசபையில் பாக்கிப் பட்டியல் படிக்கப்படும்போது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு எழுந்து போகும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இதை எழுதுபவனுக்கும் உண்டு.