வேளாண் ஆய்வுத் துணைப் பணிகள்

வேளாண் ஆய்வுத் துணைப் பணிகள் என்பவை வேளாண்மைப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் ஆராய்ச்சி நிலையங்களிலும் பேராசிரியர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் துணைநின்று, ஆய்வை அன்றாடம் நடத்திச் செல்லும் பணிகள் ஆகும். கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்துள்ள கல்வராயன் மலை வட்டாரத்தின் மரவள்ளிச் சாகுபடி இப்பணிகளின் பயனைக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

பணி வகைகள்

பண்ணை மேலாளர் விதைப்பு, நீர்ப்பாசனம், அறுவடை ஆகியவற்றைக் கவனிக்கின்றார். ஆய்வக உதவியாளர் மண், நீர், பயிர் மாதிரிகளைச் சோதிக்கின்றார். திட்ட உதவியாளரும் இளநிலை ஆய்வாளரும் வயல் அளவீடுகளை எடுத்துப் பதிவு செய்கின்றனர்.

விரிவாக்கப் பணியிலும் இத்தகையோர் உள்ளனர். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ்த் தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையமொன்றின் பொதுவான பணியமைப்பில் 16 இடங்கள் உள்ளன. அவற்றுள் தலைவரும் ஆறு பாட வல்லுநர்களும் போக, எஞ்சிய ஒன்பதும் துணைப் பணியிடங்களே.

கல்வராயன் மலை வட்டாரம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இங்கு மலைமேலும் சின்னசேலம் பகுதியிலும் குச்சிக்கிழங்கு என வழங்கும் மரவள்ளி பயிரிடப்படுகின்றது. கிழங்கு சவ்வரிசி, மாவு ஆலைகளுக்குச் செல்கின்றது. இப்பயிருக்கான பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், மலையின் சேலம் மாவட்டப் பக்கத்தில், ஆத்தூருக்கும் வாழப்பாடிக்கும் இடையிலுள்ள ஏத்தாப்பூரில் அமைந்துள்ளது. ஆமணக்கும் இங்கு ஆராயப்படுகின்றது.

மாவுப்பூச்சியும் ஒட்டுண்ணி வளர்ப்பும்

மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு, பின்னர்த் தமிழகத்திலும் பரவியது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியையும் அழித்தது. அங்கு அனகைரஸ் லோபெசி என்னும் ஒட்டுண்ணிக் குளவி 1981 முதல் வயல்களில் விடப்பட்டது. அம்முயற்சிக்காக ஹான்ஸ் ஹெர்ரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொணரப்பட்ட அக்குளவி 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் நிலையத்தில் விடப்பட்டது.

குளவியைப் பெருக்குவது பொறுமை மிக்க பணியாகும். முதலில் மரவள்ளிச் செடிகளை வளர்த்து, அவற்றின்மீது மாவுப்பூச்சிகளைப் பெருக்க வேண்டும். பின்னர்க் கூண்டுக்குள் குளவிகளை விட வேண்டும். குளவி மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடுகின்றது. வெளிவரும் புழு அதனை உள்ளிருந்து உண்டு வளர்கின்றது. வெளியேறும் சிறு குளவிகளைச் சேகரித்து, எண்ணி, உயிருடன் வயலுக்குச் சேர்க்க வேண்டும். இச்சங்கிலியில் செடி வாடினால் பூச்சி மடியும். பூச்சி மடிந்தால் குளவியும் இல்லை. எனவே இப்பணிக்கு விடுமுறை நாளிலும் ஆள் தேவைப்படுகின்றது.

பணியின் நிலைப்பு

பண்ணை மேலாளர் போன்றோர் நிலையான பணியிடங்களில் உள்ளனர். இளநிலை ஆய்வாளர் முதலியோர் பெரும்பாலும் திட்ட நிதியிலிருந்து தொகுப்பூதியம் பெறுகின்றனர். திட்டம் முடிந்தால் அவர்தம் பணியும் முடிகின்றது. பூச்சியையும் நோயையும் கண்ட அளவில் அறியும் பழக்கம் பல பருவங்களில் வருவது. பழகியவர் விலகும்போது அவர் எழுதிய வயற்குறிப்பேடு நிலையத்தில் எஞ்சும். எழுதப்படாத கைத்திறனைப் புதியவர் மீண்டும் தொடக்கத்திலிருந்தே கற்க வேண்டியுள்ளது. பூச்சியோ திட்டக்காலம் பார்த்து வருவதில்லை.