பல்வலியும் தாடைத் தசையும்

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பது நம் முன்னோர் மொழி. நொறுக்கும் வேலையைப் பற்களே செய்வதாக நாம் எண்ணுகிறோம். பற்கள் வெறுங் கருவிகள். அவற்றை இயக்குவன தாடைத் தசைகளே. அத்தசைகளில் உண்டாகும் நோவு சில வேளைகளில் பல்லில் தோன்றும். இதனை அறியாது குற்றமற்ற பல்லைப் பிடுங்கிக்கொள்வாரும் உளர். ஆதலின் இதுபற்றிச் சிறிது காண்போம்.

கன்னத்தில் விரல்களை வைத்துப் பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். அங்கே திரண்டெழுவது மெல்லுதசை. அது கன்ன எலும்பில் தொடங்கிக் கீழ்த்தாடையின் மூலையில் முடிகிறது. நெற்றிப் பொட்டில் அசைவது பொட்டுத்தசை. இவையன்றி உட்புறத்தே பக்கத்திற்கு இரண்டு தசைகள் உள.

ஓயாது இறுகும் தசையில் முறுக்கிய கயிறு போன்ற இழையும், அதனிடையே அழுத்தினால் நோகும் ஒரு புள்ளியும் தோன்றலாம். இதனைத் தூண்டுபுள்ளி என்பர். இதன் வியப்பு யாதெனில், அழுத்துவது ஓரிடம், நோவது வேறிடம் என்பதே. மெல்லுதசையின் புள்ளி கடைவாய்ப் பற்களிலும் காதிலும் வலி காட்டும். பொட்டுத்தசையின் புள்ளி மேல்வரிசைப் பற்களிலும் தலையின் பக்கத்திலும் காட்டும். இவ்வலிப் பாதைகளை வகுத்தவர் அமெரிக்க மருத்துவ அம்மையார் ஜேனட் டிராவெல். 1961-இல் அதிபர் கென்னடியின் மருத்துவராக அமர்ந்தவரும் இவரே. டேவிட் சைமன்ஸ் என்பாருடன் இவர் எழுதிய பெருநூலின் முதற்பகுதி 1983-இல் வெளிவந்தது. புள்ளியின் உண்மைத் தன்மை யாது என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. நம் வர்ம முறையும் இதுவும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

கைமுறை மருத்துவம் எளியது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்துக்குப் பத்து நிமிடம் ஒற்றடம் கொடுத்தபின், நோகும் புள்ளியை விரல் நுனியால் பொறுக்கத்தக்க அளவில் அரை நிமிடம் அழுத்தி, மெல்லக் கீழ்நோக்கி நீவிவிடுதல் வேண்டும். பின்பு நாவின் நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி வாயை மெதுவாகத் திறந்து மூடுக. வாயின் உள்ளே விரலிட்டு அழுத்துவது பயின்றவர்க்கே உரியது. உண்ணாத வேளையில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதிருத்தலே தாடைக்கு ஓய்வு. உறக்கத்தில் பல் கடிப்போரும், கவலையில் பல்லை இறுக்குவோரும் இதனை நினைவிற் கொள்க.

இனி, கெடா வாழ் தமிழர் சிறப்பாகக் கருத வேண்டிய ஒன்றுண்டு. தோட்டப்புற வாழ்வோடு வளர்ந்தது வெற்றிலை பாக்குப் பழக்கம். தோட்டங்களை விட்டுச் சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களில் குடியேறிய பின்னும் முதியோர் சிலரிடம் அது நீங்கவில்லை. ஓயாது மெல்லுவதால் தசை களைப்பது உண்மையே. ஆயினும் பாக்கு வாயின் உட்தோலையும் இறுகச் செய்யும். அப்போது வாய் திறவாது. இதனைத் தசைப்பிடிப்பென்று கருதி நீவிக்கொண்டிருத்தல் பெருந்தவறு. பாக்கு புற்றுநோய் விளைப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்தது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே மிகுதி என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, தம் மூவிரல்களை நெடுக்காக அடுக்கி வாயில் நுழைக்க இயலாதாரும், இரு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ வெண்மை, செம்மைத் திட்டோ உடையாரும் முதலில் பல் மருத்துவரையே நாடுக. நடக்கும்போது நெஞ்சுப் பாரத்தோடு வரும் தாடை வலி இதய நோயின் குறியாகலாம். ஐம்பதைக் கடந்தவர்க்குப் பொட்டு நொந்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் அது கண்ணொளிக்கே கேடு தரும் நாள நோயாகலாம், இவ்விரண்டிலும் காலந்தாழ்த்தலாகாது.

ஆசிரியப் பெருமக்கள் இச்செய்தியை மாணவர் வழியே வீட்டுப் பாட்டிமார்க்கும் எட்டச் செய்வாராயின், பல்லும் தப்பும். சில உயிர்களும் தப்பும்.