உருவும் பயன்பாடும்: சென்னை அண்ணா சாலை வணிகக் கட்டடங்கள் அடைந்த மாற்றங்கள்

ஆய்வுச்சுருக்கம்

சென்னை அண்ணா சாலையின் வணிகக் கட்டடங்கள் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு கட்டடத்தின் உருவமும் அதனுள் நிகழும் தொழிலும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்பதும், அவ்விரண்டிற்கும் இடையே தோன்றும் இடைவெளியே கட்டடத்தின் நிலைபேற்றையும் அழிவையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். மரபுப் பாதுகாப்பு முயற்சிகள் முகப்பை மட்டும் கருதுவதால் எழும் சிக்கலும் சுட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: அண்ணா சாலை, மவுண்ட் ரோடு, வணிகக் கட்டடம், திரையரங்கு, மரபுப் பாதுகாப்பு, நகர வரலாறு.

1. முன்னுரை

புனித ஜார்ஜ் கோட்டைப் பகுதியையும் பரங்கிமலையையும் இணைக்கும் பாதையாக உருவானது மவுண்ட் ரோடு. பின்னர் அண்ணா சாலை எனப் பெயர் மாற்றம் பெற்ற போதிலும், மக்கள் வழக்கில் பழைய பெயர் இன்றும் வாழ்கிறது. இச்சாலையின் தனிக் கட்டடங்கள் குறித்து எஸ். முத்தையா முதலியோர் விரிவாக எழுதியுள்ளனர். எனினும் அவ்வெழுத்துகள் பெரும்பாலும் கட்டியவர், கட்டிய ஆண்டு, கட்டடப் பாணி ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. கட்டடத்தினுள் எத்தொழில் நடந்தது, அது நீங்கியபின் எது வந்தது, அம்மாற்றத்தைக் கட்டடம் எவ்வாறு தாங்கியது என்னும் வினாக்களை முன்வைத்து, சிம்சன் நிறுவனப் பகுதி முதல் ஸ்பென்சர் பிளாசா வரையிலான சாலைப் பகுதியை இக்கட்டுரை அணுகுகிறது.

2. தோட்ட வீடுகளிலிருந்து விற்பனைக் கூடங்களுக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் இச்சாலையை ஒட்டிய சமவெளியில் ஐரோப்பியர் பெருந்தோட்டங்களுடன் கூடிய வீடுகளை அமைத்தனர். மொத்த வணிகம் ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நிலைத்திருக்க, தோட்ட வீடுகளில் வாழ்ந்தோரை நாடிய சில்லறை வணிகம் மவுண்ட் ரோட்டிற்கு வந்தது. சாலையின் அமைப்பைப் புரிந்துகொள்ள இப்பின்னணி இன்றியமையாதது. ஜார்ஜ் டவுனில் மனைகள் குறுகியும் நீண்டும் இருக்க, இங்கோ மனைகள் பரந்து கிடந்தன. ஆகவே சாலையிலிருந்து உள்வாங்கி, முன்புறம் வண்டிகள் நிற்க இடம் விட்டு, அகன்ற முகப்புடன் கடை எழுப்ப இயன்றது.

1844இல் தொடங்கப்பட்ட ஹிக்கின்பாதம்ஸ் புத்தக நிறுவனம் தன் இன்றைய கட்டடத்தை 1904இல் அடைந்தது. கடிகாரத்திற்கும் வெள்ளிப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்திற்கு ராபர்ட் சிஷோம் கட்டடம் வடிவமைத்தார். மருந்து வணிகம் செய்த டபிள்யூ. இ. ஸ்மித் நிறுவனத்திற்காக ஜே. எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்த இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடம் 1897இல் எழுந்தது. 1863இல் தோன்றிய ஸ்பென்சர் நிறுவனம் 1895ஆம் ஆண்டளவில் இச்சாலையில் தன் பெரும் விற்பனைக் கூடத்தை அமைத்தது. இவற்றில் முகப்பே விளம்பரமாகச் செயற்பட்டது. கோபுரமும் கடிகாரமும் வளைவுகளும் வண்டியில் செல்வோரின் கண்ணுக்குக் கடையை அறிவித்தன.

3. இடம்பெயர்ந்து தொடர்ந்த தொழில்

தொழில் மாறுவதற்கும் தொழில் இடம்பெயர்வதற்கும் வேறுபாடு உண்டு. 1840இல் குதிரை வண்டி கட்டும் தொழிலைத் தொடங்கிய சிம்சன் நிறுவனம் மோட்டார் வாகனத் துறைக்கு மாறியது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். வண்டிப் பட்டறைக்கு வேண்டியிருந்த பரந்த கூடங்களும் முற்றங்களும் மோட்டார் பணிக்கும் பொருந்தியமையால் தொழில் மாறியபோதும் அதே இடம் பயன்பட்டது. வாகன உதிரிபாக வணிகம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் செழித்தது. மின்னணுப் பொருள் வணிகம் ரிச்சி தெருவில் நிலைகொண்டது. பெருஞ்சாலையின் வாடகையைத் தாங்க இயலாத சிறு தொழில்கள், அதன் வாடிக்கையாளர்களை இழக்காத தொலைவில் பக்கத் தெருக்களில் அமைந்தன எனலாம். எனவே அண்ணா சாலையின் வணிகத்தை அதன் முகப்பு வரிசையை மட்டும் கொண்டு மதிப்பிடுவது முழுமையாகாது.

4. திரையரங்குகள்: உருவத்தின் இறுக்கம்

வார்விக் மேஜர் 1913இல் அமைத்த எலெக்ட்ரிக் தியேட்டர், 1914இல் ரகுபதி வெங்கையா அமைத்த கெயிட்டி ஆகியவை இச்சாலை வட்டாரத்தின் தொடக்கக்காலத் திரையரங்குகள். பின்னர் காசினோ, 1961இல் சாந்தி, 1964இல் மூன்று அரங்குகளைக் கொண்ட சபையர், 1970இல் தேவி எனத் தொடர்ந்து தோன்றின. தொலைக்காட்சி, ஒளிப்பேழை, பல்திரை வளாகம் என அடுத்தடுத்து வந்த மாற்றங்களால் இவற்றுட் பல மூடப்பட்டன.

கடைக்கூடத்தைக் குறுக்குச் சுவர் எழுப்பி அலுவலகமாக்கலாம், அலுவலகத்தை வங்கியாக்கலாம். சரிந்த தரையும் சாளரமற்ற சுவரும் கொண்ட பேரரங்கை வேறொன்றாக்குவது அரிது. எனவே படக்காட்சி நின்றதும் கட்டடத்தின் மதிப்பு மறைந்து, மனையின் மதிப்பே எஞ்சியது. கெயிட்டி, சபையர், சாந்தி ஆகியவை இடிக்கப்பட்டமைக்கு இது முதன்மைக் காரணம் எனக் கருதலாம். சபையர் இருந்த மனை இடிப்பிற்குப் பின் பல்லாண்டுகள் வெற்றிடமாகவே கிடந்தது. இதற்கு மாறாக, மிகப் பழைய எலெக்ட்ரிக் தியேட்டர் இன்றும் நிற்கிறது. 1915இல் அதனை அஞ்சல் துறை வாங்கியது. இன்று அண்ணா சாலை அஞ்சல் நிலைய வளாகத்தில் அஞ்சல்தலைப் பிரிவாக அது விளங்குகிறது. எளிய கூடமாக இருந்தமையும், நிலத்தை விற்க வேண்டிய நெருக்கடியற்ற அரசுத் துறையின் கைக்குச் சென்றமையும் அதனைக் காத்தன.

5. உயரமும் உடைமையும்

1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் சாலையின் அளவுகோலையே மாற்றியது. எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்திற்காகத் தொடங்கப்பட்ட இப்பணி, 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமையாகி நிறைவுற்றது. அக்காலத்தில் இந்தியாவின் மிக உயர்ந்த கட்டடமாகத் திகழ்ந்த இது, ஊரிலிருந்து சென்னைக்கு வருபவரைக் காட்டும் தமிழ்த் திரைப்படங்களில் நகரின் அடையாளமாகவே ஆயிற்று. முகப்பு அகலத்தால் அறியப்பட்ட சாலை இதன்பின் உயரத்தால் அறியப்படலாயிற்று.

ஸ்பென்சர் கட்டடம் 1983இல் தீக்கிரையானது. அவ்விடத்தில் 1991இல் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. பெயர் தொடர்ந்தது, வணிக முறை தொடரவில்லை. ஒரே நிறுவனம் பல துறைப் பொருள்களை விற்ற இடத்தில், தனித்தனி உடைமையாளரும் வாடகையாளரும் நடத்தும் சிறு கடைகள் பல வந்தன. 2010இல் அருகிலேயே எக்ஸ்பிரஸ் அவென்யூ திறக்கப்பட்ட பின் இவ்வளாகத்தின் ஈர்ப்புக் குறைந்தது. ஒரே நிருவாகத்தின்கீழ் இயங்கும் வளாகம் புதுப்பித்தலை ஒரு முடிவால் செய்துவிடும். உடைமை சிதறிய வளாகத்திற்கு அது எளிதன்று.

6. பாதுகாப்பும் அதன் எல்லையும்

டபிள்யூ. இ. ஸ்மித் கட்டடத்தைப் பாரத் காப்பீட்டு நிறுவனம் 1934இல் வாங்கியது. நாட்டுடைமைக்குப் பின் அது ஆயுள் காப்பீட்டுக் கழகத்திடம் வந்தது. 2006இல் இடிப்புப் பணி தொடங்கியபோது இன்டாக் அமைப்பு நீதிமன்றத்தை நாடியது. சென்னை உயர்நீதிமன்றம் இடிப்பைத் தடுத்து, 2010இல் வழங்கிய தீர்ப்பில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்பை வலியுறுத்தியது. அதில் நீதியரசர் இ. பத்மநாபன் குழுவின் பட்டியல் முக்கிய இடம்பெற்றது. அக்குழு விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் அமைக்கப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. எக்கட்டடங்களின் தோற்றத்தைப் பலகைகள் மறைக்கலாகாது என்னும் வினாவிலிருந்தே பட்டியல் பிறந்தது. அதாவது, சாலையிலிருந்து காணத்தக்க உருவமே பாதுகாப்பின் தொடக்கப்புள்ளியாக அமைந்தது.

இதன் விளைவை அக்கட்டடமே காட்டுகிறது. இடிப்பினின்று தப்பியும் அது நெடுங்காலம் பயன்பாடின்றிச் சிதைந்து நின்றது. சட்டம் இடிப்பதைத் தடுக்கவல்லது, தொழிலைக் கொணரவல்லதன்று. மாறாக, ஹிக்கின்பாதம்ஸ் கட்டடம் நல்ல நிலையில் நிற்பதற்கு அதனுள் புத்தக விற்பனை இடையறாது நடப்பது முதன்மையான காரணம். கூரை ஒழுகினால் சரிசெய்யும் தேவை, அன்றாடம் திறக்கும் கடைக்கே உண்டு.

முகப்பை மட்டும் கருதும் நோக்கில் மற்றோர் இழப்பும் உள்ளது. மெட்ரோ ரயில் பணிகளின்போது பி. ஆர் அண்ட் சன்ஸ் வளாகத்தின் ஒரு பகுதி 2011இல் இடிக்கப்பட்டது; கடிகாரக் கோபுரத்துடன் கூடிய முகப்பு எஞ்சியது. இத்தகைய வணிக வளாகங்களில் பட்டறை, கிடங்கு, ஊழியர் பணியிடம் முதலியன பெரும்பாலும் பார்வைக்குப் புலப்படாத பகுதிகளிலேயே அமைவன. முகப்பே மரபு எனக் கொண்டால், விற்றவரின் வரலாறு எஞ்சும். உழைத்தவரின் வரலாறு அழியும்.

7. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வேறு பயன்பாட்டை ஏற்கும் நெகிழ்வுடைய கட்டடம் நிலைக்கும் வாய்ப்பு மிகுதி. இரண்டாவது, உடைமையாளரின் தன்மை கட்டடப் பாணியினும் வலிய காரணி. மூன்றாவது, பயன்பாடற்ற பாதுகாப்பு அழிவைத் தள்ளிப்போடுமேயன்றித் தவிர்க்காது. 2012ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் போன்றவற்றின் நடைமுறையில் கட்டடப் பட்டியலுடன் பயன்பாட்டுப் பதிவும் இணைக்கப்படுதல் வேண்டும்.

இப்பதிவுக்குரிய சான்றுகள் கிடைக்காதவை அல்ல. அசைலம் பிரஸ் அல்மனாக் போன்ற பழைய விவரத்திரட்டுகள், நாளிதழ் விளம்பரங்கள், கடைப் பற்றுச்சீட்டுகள், ஓய்வுபெற்ற ஊழியர்களின் வாய்மொழி ஆகியவற்றை ஒருங்குவைத்து ஒவ்வொரு கதவெண்ணுக்கும் தொழில் வரிசை ஒன்றைத் தொகுக்கலாம். இடப்பெயர்களும் உதவும். ஜெமினி ஸ்டூடியோ மறைந்தும், மேம்பாலத்திற்கு அண்ணா மேம்பாலம் என்னும் பெயர் இருந்தும், மக்கள் அதனை ஜெமினி மேம்பாலம் என்றே வழங்குகின்றனர். கட்டடம் இழந்த தொழிலை மொழி நினைவில் வைத்திருப்பதற்கு இது சான்று. இவற்றுள் வாய்மொழிச் சான்றுகள் அவற்றைக் கூறுவோரின் வாழ்நாளுக்கு உட்பட்டவை. ஆதலின் அவற்றைத் திரட்டும் பணியே முதலில் மேற்கொள்ளத்தக்கது.