ஹாட் டப் வாங்கும் முன் மீட்டர் பலகையைப் பாருங்கள்

காரக்கோணம், குன்னத்துக்கால், பனச்சமூடு பக்கம் வளைகுடாச் சம்பாத்தியத்தில் எழும் வீடுகளில் இப்போது மாடியிலோ பின்முற்றத்திலோ ஒரு சிறிய ஹாட் டப்புக்கு இடம் ஒதுக்குகிறார்கள். காற்றடைத்து விரிக்கும் ரகம், அக்ரிலிக் ரகம் எதுவானாலும் நாலு பேர் உட்காரும் தொட்டியில் ஏறத்தாழ 1000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கடைக்காரர் விளக்கு, ஸ்பீக்கர், குமிழி என்று காட்டிக்கொண்டே போவார். நீங்கள் பார்க்க வேண்டியது முதலில் உங்கள் வீட்டு மீட்டர் பலகையை.

ஒரே ஒரு கணக்கு போதும். 1000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீர் 28 டிகிரி இருக்கும். 38 டிகிரிக்கு ஏற்ற சுமார் 12 யூனிட். 2 கிலோவாட் ஹீட்டர் என்றால் ஆறு மணி நேரம், 3 கிலோவாட் என்றால் நாலு மணி நேரம். ஐரோப்பாவில் பத்து டிகிரிக் குளிர்நீரை இதே அளவுக்கு ஏற்ற வேண்டும். அவர்களுக்காகச் செய்த பெரிய ஹீட்டரும் 'குளிர்கால இன்சுலேஷன் பேக்'கும் நமக்கு வீண் செலவு. மாறாக, கனமான மூடியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். திறந்த தொட்டியில் சூடு பெரும்பாலும் ஆவியாகித்தான் போகிறது. மூடாமல் விட்டு ராத்திரியில் நாலு டிகிரி இறங்கினால், மறுநாள் அதை மீட்க 5 யூனிட் போய்விடும்.

அந்த 5 யூனிட் மாதத்துக்கு 150 ஆகும். இதுவரை 180 யூனிட் எரித்த வீடு 330-க்குப் போகும். கேரள மின் வாரியத்தின் கட்டணத்தில் மாதம் 250 யூனிட் ஒரு எல்லைக்கோடு. அதுவரை படிப்படியான விகிதம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் உயர்ந்த ஒரே விகிதம். தொட்டிக்கு மட்டுமல்ல, பழைய 180 யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்டுவீர்கள். மாலை 6 முதல் 10 வரை உச்ச நேரம். நேரம் பார்த்துக் கணக்கிடும் மீட்டர் இருந்தால் அப்போது ஹீட்டர் ஓடக் கூடாது. ஆகவே கூடுதல் வசதிகளில் நான் முதலில் வாங்கச் சொல்வது டைமர். பகலில் சூடாக்கி, மூடிவைத்து, அந்தியில் இறங்குங்கள். கூரையில் 3 கிலோவாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 12 யூனிட் தரும். தொட்டியின் முதல் சூட்டுக்கு அது சரியாக இருக்கும்.

அடுத்து இணைப்பு. கேரளத்தில் சிங்கிள் பேஸ் 5 கிலோவாட் வரைதான். கெய்சர் 2, ஏசி 1.5, கிணற்று மோட்டார் முக்கால், இஸ்திரிப் பெட்டி 1 என்று கூட்டினாலே வரம்பு நிறைந்துவிடும். அதன் மேல் 3 கிலோவாட் தொட்டி ஏறினால் செக்‌ஷன் ஆபீசில் விண்ணப்பித்து த்ரீ பேஸ் வாங்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் வீடு கட்டும் மைத்துனருக்கு இந்த வரம்பு 4 கிலோவாட். 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு அங்கே போய் நெய்யாற்றின்கரை இங்கே நின்றதன் பலன் மீட்டர் பலகை வரை வந்திருக்கிறது!

துபாயிலிருந்து கொண்டுவரும் பெட்டியில் பிளக்கைப் பாருங்கள். செவ்வகக் கால்கள் மூன்று கொண்ட 13 ஆம்பியர் பிளக் அது. அதை மலிவான அடாப்டரில் செருகி ஆறு மணி நேரம் 9 ஆம்பியர் இழுத்தால் அடாப்டர் உருகும். ஆனால் அந்தப் பிளக்கை வெட்டி எறியவும் கூடாது. சில மாடல்களில் கசிவு பிடிக்கும் கருவி பிளக்குக்குள்ளேயே இருக்கிறது. அதற்கேற்ற 13 ஆம்பியர் சாக்கெட்டையே சுவரில் பொருத்தச் சொல்லுங்கள். அமெரிக்க மாடல் என்றால் 60 ஹெர்ட்ஸ். நம் 50 ஹெர்ட்ஸில் பம்ப் மெதுவாக ஓடும், ஜெட் சோம்பும். அதைத் தவிர்ப்பதே மேல்.

3 கிலோவாட் ஹீட்டரும் பம்பும் சேர்ந்து 16 ஆம்பியரைத் தாண்டும். அதற்குப் பிளக் வேண்டாம். பலகையிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் இரட்டை எம்சிபி, கண்ணில் படும் இடத்தில் ஓர் ஐசொலேட்டர். தொட்டிக்குள் இருப்பவர் கைக்கு அது எட்டக் கூடாது. தொட்டி விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் சாக்கெட்டே கூடாது.

உயிர் காப்பது கசிவு பிடிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. தொட்டிக்கென்று தனியாக ஒன்று வையுங்கள். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்து கிடப்பதால் பொது ஆர்சிசிபி காரணமில்லாமல் விழும். எரிச்சலில் அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். இன்னொன்று, சாக்கெட்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். பச்சை வயரைக் கறுப்பு வயரோடு ஒரு துண்டுக் கம்பியால் இணைத்திருந்தால் அது எர்த் அல்ல. நியூட்ரல் எங்காவது அறுந்தால் தொட்டியின் உலோகப் பாகம் முழுக்கக் கரண்ட் ஏறும். மாசி, பங்குனியில் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் காய்ந்து கிடக்கும்போதுதான் எர்த் குழியை அளந்து பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எந்தக் குழியும் நன்றாகத்தான் காட்டும். உரிமம் உள்ள வயர்மேனிடம் அந்த ஓம் கணக்கை எழுதி வாங்குங்கள்.

சித்திரையிலும் துலாம் மாதத்திலும் மதியம் 2 முதல் இரவு 10 வரை இடி மின்னல் நேரம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கிறது. சர்ஜ் தடுப்பான் கன்ட்ரோல் பலகையைக் காக்கும், ஆளைக் காக்காது. மானம் முழங்கினால் தொட்டியை விட்டு ஏறிவிடுங்கள்.

மற்ற வசதிகளில் ஓசோன் கருவி குளோரின் செலவைக் கொஞ்சம் குறைக்கும், இருந்தால் நல்லது. காற்றுக் குமிழி சுகமானது, ஆனால் தண்ணீரை வேகமாக ஆற்றும். விளக்கு 12 வோல்ட்டாக இருக்கட்டும். புளூடூத் ஸ்பீக்கருக்குக் காசு கொடுப்பானேன், போன் இருக்கிறதே.

அந்தக் காசைத் தண்ணீர் சோதனைக்குக் கொடுங்கள். வெட்டுக்கல் கிணற்று நீர் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது; ஹீட்டர் எலிமென்ட்டை மெல்ல அரிக்கும். இரும்பும் இருந்தால், தெளிவாகத் தெரிந்த தண்ணீர் குளோரின் போட்டதும் கட்டன் சாயா நிறமாகும். பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நின்ற பிறகுதான் ஹீட்டரை ஆன் செய்ய வேண்டும். சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மாடியில் வைப்பவர்கள் மின்சாரத்துக்கு முன்பே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். தண்ணீரும் நாலு பேரும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடுவதோ 150 கிலோதான்.